எதுக்கும் அடங்காத பஞ்சம்மாள்

விஸ்வநத்தம் மேற்குத் தெருவில் பஞ்சம்மாளைத் தெரியாத ஆட்கள் ஒன்றிரண்டு பேர் இருக்கக்கூடும். அவள் வீட்டு பிஸ்கட் டின்னைத் தெரியாத ஆள் கிடையாது.

பஞ்சம்மாள் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறவள். ஒவ்வொரு வெடியாக எடுத்து, திரியோடு திரி சேர்த்து, சடை பின்னுவதுபோலப் பின்னிக்கொண்டே போகும் வேலை. வாயில் எந்த வீட்டுக் கதை ஓடினாலும் விரல் தன் பாட்டுக்கு ஓடும். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் மிளகாய் பறித்தும் பருத்தி எடுத்தும் பிழைத்தவர்கள். இந்த வானத்தை நம்பினால் அடுப்பு எரியாது என்று, தாவணி போட்ட கையோடு மகளைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். கல்யாணம், இரண்டு பிரசவம், மூத்தவளைக் கட்டிக்கொடுத்தது என்று இடையிடையே எழுந்து போய்விட்டு வந்து மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

உடம்பு சரியில்லை என்று அவள் லீவு போட்டதில்லை. சீசன் நேரத்தில் காய்ச்சலில் படுப்பது பஞ்சம்மாளைப் பொறுத்தவரை ஒழுக்கக்கேடு. மூக்கு லேசாக நமநமத்தாலே எச்சரிக்கையாகிவிடுவாள். “வாறதுக்கு முன்னாடியே அடிச்சிரணும்” என்பது அவள் கொள்கை. அடிப்பதற்கான சாமான்கள்தான் அந்த டின்னில் இருந்தன.

மாத்திரைகளின் பெயர் ஒன்றும் அவளுக்குத் தெரியாது. நிறம் தெரியும். கறுப்பு-சிவப்பு காய்ச்சலுக்கு. மஞ்சள்-சிவப்பு தொண்டைக்கும் பல்லுக்கும். நீளமான வெள்ளை வயிற்றுக்கு. ஒரு நிறத்தில் இருப்பதைவிட இரண்டு நிறத்தில் இருப்பது கெட்டிக்கார மாத்திரை. இதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஒற்றைக் கலரில் வெடிக்கும் வாணத்தைவிட இரட்டைக் கலர் வாணத்துக்குத்தானே ஆர்டர் அதிகம்? காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, மறுநாள் கொஞ்சம் தெளிந்தால் நிறுத்திவிடுவாள். குணமான பிறகும் மாத்திரை சாப்பிடுவது ஊதாரித்தனம். மிச்சம் டின்னுக்குப் போய்விடும்.

டின்னுக்கு அள்ளிக் கொடுத்தவர் மெடிக்கல் கடை சங்கரலிங்கம் அண்ணாச்சி. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் கத்தரிக்கோல். டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்டு யாரையும் அவர் சங்கடப்படுத்தியதில்லை. “அண்ணாச்சி, கறுப்பு-செவப்புல நாலு” என்றால் அட்டையில் நாலை வெட்டிக் கொடுப்பார். “ரெண்டு போதும்” என்றால் ரெண்டு. சிக்குன்குனியா வந்த வருஷம் ஊரே மூட்டைப் பிடித்துக்கொண்டு நண்டுபோலப் பக்கவாட்டில் நடந்தபோது, அண்ணாச்சியின் கத்தரிக்கோல் ஓய்வில்லாமல் கத்தரித்தது. அந்த நோய்க்கு அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் வாங்கியிருப்பார்கள். சும்மா படுத்துக் கிடக்கவா முடியும்?

டின் தர்மசாலையாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பின்னும் அய்யம்மாளின் பிள்ளைக்குச் சளி என்றால் அதிலிருந்து பாதி மாத்திரை போகும். கோழிக்குக் கண் வீங்கினால் கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கரைத்து வைப்பாள். வெள்ளாட்டின் கொம்படியில் காயம் என்றால் தூளைத் தூவுவாள். ஒருமுறை சித்திரை வெயிலில் தோசை மாவு தினமும் புளித்து வழிகிறதே என்று ஒரு மஞ்சள்-சிவப்பைப் பிரித்து மாவில் கொட்டிக் கலக்கினாள். மாவு அதன் பிறகு அசையவில்லை. மறுநாளும் புளிக்கவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. சுண்ணாம்புக் குழம்புபோல அப்படியே கிடந்தது. அந்தத் தோசையைத் தின்ற அவள் கணவன் கருத்தப்பாண்டி, “காகிதத்தத் திங்கிற மாதிரி இருக்கு” என்றான்.

“மாவே அடங்கிப் போச்சு பாத்தீகளா, காய்ச்சல் எம்மாத்திரம்?” என்றாள் பஞ்சம்மாள் பெருமையாக.

அவளுக்குக் காலில் சூடு பட்டது 2007-ஆம் வருஷம் ஆடி மாதத்தில்.

சிவகாசிப் பக்கத்துப் பெண்ணுக்குத் தீப்புண் என்றால் கேட்கிறவர்கள் மனம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அத்தனை வருஷம் மருந்தும் திரியுமாகப் புழங்கிய பஞ்சம்மாள் மேல் ஒரு பொறிகூட விழுந்ததில்லை. கொழுந்தன் ராக்கப்பன் பழைய மோட்டார் பைக் ஒன்று வாங்கியிருந்தான். வண்டிக்கு மாலை போட்டு, இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு வரலாம் என்று மதினியை ஏற்றிக்கொண்டு போனான். கோயில் கூட்டத்தில் வண்டியை விட்டு இறங்கியவளை ஒரு முளைப்பாரிக்காரி இடித்தாள். பஞ்சம்மாளின் கெண்டைக்கால் சைலன்சரில் போய் ஒட்டியது. அவ்வளவுதான் விபத்து. மாரியம்மனிடம் கொஞ்சம் கோபித்துக்கொண்டு, விபூதி பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வந்ததும் டின்னைத் திறந்தாள். கறுப்பு-சிவப்பைப் பிரித்துத் தூவினாள், ஒன்றை விழுங்கினாள். புண் காய்ந்ததுபோல இருந்தது, அதனால் நிறுத்தினாள். மறுபடியும் ஈரம் கண்டது, மஞ்சள்-சிவப்புக்கு மாறினாள். பிறகு வெள்ளை. பிறகு அண்ணாச்சி கடைக்குப் பின்புறம் உள்ள ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு ஊசி போட்டுக்கொண்டாள்.

“இது புதுச் சரக்கு தாயி. கம்பெனிக்காரன் இப்பத்தான் எறக்கியிருக்கான். எட்டூருக் கிருமியும் ஓடிரும்” என்றார் அண்ணாச்சி.

எட்டூர்க் கிருமிகள் ஓடினவோ என்னவோ, விஸ்வநத்தத்துக் கிருமி இருந்த இடத்திலேயே இருந்தது. காலில் கட்டுத் துணி இளம்பச்சையாக நனைந்தது. அதிலிருந்து பழம் அழுகுவதுபோல ஒரு தித்திப்பு வாடை வந்தது. குளிர் வந்து உடம்பு தூக்கிப் போட்டபோது கருத்தப்பாண்டி லோடு ஏற்றப் போன இடத்திலிருந்து ஓடிவந்து, அவளை வேனில் போட்டு விருதுநகருக்குக் கொண்டு போனான். அங்கே வியாபாரிகள் சிலர் சேர்ந்து தர்மத்துக்கு நடத்திவந்த ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது.

“எந்தக் கம்பெனியில விபத்து?” என்றார் சீட்டு போடுகிறவர்.

“சைலன்சர்” என்றாள் பஞ்சம்மாள்.

“அந்தப் பேர்ல கம்பெனி இருக்கா?”

அன்றைக்குத் தொடங்கியது. நர்ஸ் கேட்டார், தாலுகா ஆபீஸிலிருந்து வந்தவர் கேட்டார், பத்திரிகைக்காரர் ஒருவர் கேட்டார். எல்லோரும் ‘சைலன்சர்’ என்று கேட்டதும் ஒரே மாதிரி தலையை ஆட்டி, குரலைத் தாழ்த்தி, “பயப்படாமச் சொல்லுங்கம்மா” என்றார்கள். விஷயம் கம்பெனிக்கு எட்டியதும் மேனேஜர் மணிகண்டராஜ் ஒரு பை ஆப்பிளோடு வந்து இறங்கினார்.

“பஞ்சம்மா, எல்லார்ட்டயும் உண்மையைச் சொல்லு. சைலன்சர்லதான் பட்டுச்சுன்னு நல்லாச் சத்தமாச் சொல்லு.”

“அதத்தான சார் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

“இன்னும் சத்தமா.”

கம்பெனி மேனேஜரே ஆப்பிள் கொண்டுவந்து சைலன்சர் என்று சொல்லச் சொல்லிவிட்டுப் போனதை வார்டே பார்த்தது. அதற்குப் பிறகு சைலன்சர் கதையை நம்ப அந்த ஆஸ்பத்திரியில் ஒரு ஆள் மிஞ்சவில்லை. பாதி ஆப்பிளைத் தின்றிருந்த கருத்தப்பாண்டிக்கே லேசாகச் சந்தேகம் வந்துவிட்டது. “நெசமாவே சைலன்சர்தானா புள்ள?” என்று ரகசியமாகக் கேட்டான்.

புண்ணைப் பார்த்தவர் டாக்டர் சுகிர்தா. விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்கிற குடும்பத்துப் பெண். படித்துவிட்டு வந்து அதிக நாள் ஆகவில்லை. பச்சைக் கட்டைப் பிரித்ததும் அவர் முகம் மாறியது.

“கொஞ்சம் சீழ் எடுத்து லேப்ல குடுத்துக் கிருமியை வளர்த்துப் பாக்கணும்மா” என்றார்.

“வளக்கவா? அழிக்கத்தான டாக்டரம்மா வந்திருக்கோம்?”

“வளர்த்தாத்தான் எதுல அழியும்னு தெரியும்.”

இரண்டு நாள் கழித்து பஞ்சம்மாளைப் பொது வார்டிலிருந்து மாற்றினார்கள். அவள் கிருமி மற்றவர்களுக்குத் தொற்றிவிடக் கூடாதாம். தனிக் குளியலறை உள்ள ரூம் அந்த ஆஸ்பத்திரியில் ஒன்றுதான் இருந்தது. யாரோ ஒரு முதலாளி தன் தகப்பனார் நினைவாகக் கட்டிக் கொடுத்தது. பெரிய மனிதர்களுக்கு நெஞ்சுவலி வந்தால் மட்டும் திறப்பார்கள். அதைத் திறந்து பஞ்சம்மாளைப் படுக்க வைத்தார்கள்.

பஞ்சம்மாள் கட்டிலில் படுத்து மேலே பார்த்தாள். அவள் ஒருத்திக்காக மட்டும் ஒரு ஃபேன் சுற்றியது. பிறந்ததிலிருந்து அவள் தனியாக ஓர் அறையில் தூங்கியதில்லை. வீட்டில் கருத்தப்பாண்டியின் குறட்டை, ராக்கப்பன் வீட்டு டிவி, ஆட்டின் செருமல். கம்பெனியிலோ நான்கு பக்கமும் வாய். இங்கே சத்தமே இல்லை. கதவைத் தட்டாமல் யாரும் உள்ளே வரவில்லை. வருகிறவர்கள் பச்சைக் கவுன் மாட்டி, வாயைக் கட்டி, கையுறை போட்டு, கோயிலுக்குள் நுழைகிற பக்தியோடு வந்தார்கள். காய்ச்சல் உடம்பைப் பொசுக்கிக்கொண்டிருந்தபோதும் அவளுக்குள் ஒரு மூலையில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மதுரையிலிருந்து படிக்கிற பிள்ளைகள் கூட்டமாக வந்து பார்த்தார்கள். அவளிடம் பேர் கேட்டார்கள், பிறகு அவளை விட்டுவிட்டுக் காலோடு பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து ஒரு வேன் வந்தது. இருக்கன்குடிக்குக் கிளம்பிய வேன். போகிற வழியில் பஞ்சம்மாளையும் பார்த்துவிடலாம் என்று சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். கவுன் நாலுதான் இருந்தது. நாலு நாலு பேராக உள்ளே வந்தார்கள். கவுனை முன்பக்கம் திறப்பாக மாட்டிக்கொண்ட அய்யம்மாளை நர்ஸ் திட்டித் திருப்பி மாட்டிவிட்டார். ஒருவர் புதிதாக வாங்கிய கேமரா போனில் எல்லோரையும் மாஸ்க்கோடு நிற்க வைத்துப் படம் எடுத்தார்.

“மதினி, எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியாமே. எங்கன இருக்கு? கொஞ்சம் காட்டுங்க” என்றாள் அய்யம்மாள்.

“கண்ணுக்குத் தெரியாதுடி. இந்தக் கட்டுக்குள்ளதான் இருக்கு. பெரிய பெரிய டாக்டரெல்லாம் வந்து பாத்துட்டுப் போறாக.” பஞ்சம்மாள் காலைச் சற்று நீட்டி வைத்தாள். “எட்டு மருந்து குடுத்திருக்காக. அசையலையே!”

கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குப் புல்லரித்தது. தங்கள் தெருவிலிருந்து இப்படி ஒன்று புறப்பட்டுப் போனதில் அவர்களுக்கும் பங்கு இருப்பதுபோல நிமிர்ந்து நின்றார்கள். ஒருத்தி கட்டிலின் கம்பியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நர்ஸ் ஓடிவந்து அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி விட்டார்.

மறுநாள் நடந்ததைக் கருத்தப்பாண்டி இன்றைக்கும் சொல்ல மாட்டான். ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொல்வார்கள்.

கருத்தப்பாண்டி ஃபிளாஸ்க்கில் காப்பி வாங்கிக்கொண்டு மாடியேறி வந்தான். ரூம் வாசலில் டாக்டர் சுகிர்தா கவுனுக்குள் கையை நுழைத்துக்கொண்டிருந்தார். அவருடைய போன் அடித்தது. கை இரண்டும் மாட்டிக்கொண்டிருந்ததால், நர்ஸ்தான் அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தார். கீழ்த்தளத்து லேப்பிலிருந்து பேசினார்கள். லேப்பில் கிருமிக்கு ஆள் பெயரை வைத்துத்தான் அடையாளம்.

“மேடம், பஞ்சம்மாளைப் பத்திச் சொல்லத்தான் கூப்பிட்டேன். எல்லாம் போட்டுப் பாத்தாச்சு. எதுக்கும் சாகலை.”

“எதுக்குமேவா?”

“எதுக்குமே. நேத்துக் குடுத்ததுல கண்டிப்பா செத்துரும்னு நெனச்சேன். காலைல வந்து பாத்தா முன்னைவிடக் கொழுகொழுன்னு இருக்கு.”

“பழசு ஒண்ணு பாக்கி இருக்குல்ல, அதையும் போட்டுப் பாருங்க. அதுலயும் சாகலைன்னா நமக்கு வேற வழியில்லை.”

ஃபிளாஸ்க் கீழே விழுந்து உருண்டது. கருத்தப்பாண்டி கவுனும் இல்லாமல் மாஸ்க்கும் இல்லாமல் ரூமுக்குள் பாய்ந்தான்.

“ஏ புள்ள, எந்திரி! வீட்டுக்குப் போவோம். இவுக உன்னயக் கொல்லப் பாக்காக!”

பஞ்சம்மாள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “யாரு?”

“டாக்டரம்மாதான். நேத்தே முடிச்சிருக்கணுமாம். நீ எதுக்கும் சாக மாட்டேங்கிறியாம். கொழுகொழுன்னு இருக்கியாம்.”

அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “கொழுகொழுன்னா சொன்னாக?” என்றாள்.

“எந்திரிங்கிறேன்!”

“நான் வரல. இங்கன ஃபேனு நல்லா ஓடுது. கொல்றவுக எதுக்கு மூணு வேளையும் முட்டை குடுக்காக?”

டாக்டர் சுகிர்தாவும் நர்ஸும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவனை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். செத்துப்போக வேண்டியது பஞ்சம்மாள் அல்ல, பஞ்சம்மாளின் கிருமி என்று அவனுக்கு விளங்க வைக்க வெகுநேரம் பிடித்தது. விளங்கிய பிறகும், “அப்போ அதுக்கு வேற பேரு வைங்க” என்பதில் அவன் உறுதியாக இருந்தான்.

மறுநாள் சாயங்காலம் சுகிர்தா ஒரு தட்டோடு வந்தார். மூடி போட்டு ஒட்டிய வட்டமான சின்னத் தட்டு. அதற்குள் கஞ்சி உறைந்ததுபோல ஏதோ இருந்தது. அதன் மேல் பொட்டுப் பொட்டாகக் காகித வில்லைகள்.

“ஒவ்வொரு வில்லையிலும் ஒரு மருந்து இருக்கும்மா. கிருமி பயந்துச்சுன்னா வில்லையைச் சுத்தி வட்டமா ஒதுங்கி நிக்கும். இது பாருங்க.”

பஞ்சம்மாள் பார்த்தாள். கிருமிகள் எங்கேயும் ஒதுங்கவில்லை. வில்லையின் விளிம்பு வரைக்கும் வந்து, சம்பந்தி வீட்டுப் பந்தியில் உட்கார்ந்ததுபோல நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. தட்டு முழுக்க இளம்பச்சை பரவியிருந்தது.

“நல்ல பச்சை” என்றாள் பஞ்சம்மாள் தன்னை மறந்து. “எங்க கம்பெனி வாணத்துலகூட இப்பிடிப் பச்சை வராது.”

“இந்த ஒண்ணை மட்டும் பாருங்க.” ஓரத்தில் ஒரே ஒரு வில்லையைச் சுற்றி நகக்கண் அகலத்துக்கு வெற்றிடம் தெரிந்தது. “இது எங்க தாத்தா காலத்து மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கும்னு ஒதுக்கி வச்சிருந்தாங்க. இப்ப உலகம் பூரா அதைத்தான் தேடி எடுக்காங்க. புதுசெல்லாம் தோத்துப் போச்சு.” தட்டை மேசையில் வைத்தார். “நீங்க இதுவரைக்கும் என்னென்ன மாத்திரை சாப்பிட்டிருக்கீங்க?”

பஞ்சம்மாள் நிறம் நிறமாகச் சொல்ல ஆரம்பித்தாள். முடியவில்லை. கருத்தப்பாண்டி ஊருக்குப் போய் டின்னையே எடுத்துக்கொண்டு வந்தான்.

சுகிர்தா மூடியைத் திறந்தார். உள்ளே பாதி வெட்டிய அட்டைகள், கால்வாசி அட்டைகள், நிறம் வெளுத்த கேப்சூல்கள். பட்டாசு மொத்தக் கடையில் சாம்பிள் பெட்டியைத் திறந்ததுபோல இருந்தது. அவர் டின்னோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அந்த ரூமில் கட்டிலில் உட்காரக் கூடாது என்று நர்ஸுக்குச் சட்டம் போட்டவரே அவர்தான்.

“இதையெல்லாம் நீங்க ஒருத்தரா சாப்பிட்டீங்க?”

“எல்லாருக்கும் குடுப்பேன். கோழிக்கு, ஆட்டுக்கு... ஒருவாட்டி மாவுக்கும்.”

“மாவுக்கா?”

பஞ்சம்மாள் மாவுக் கதையைச் சொன்னாள். சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்தது. மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் சிரித்தது, பிறகு அதுவும் நின்றது.

“பாதி மாத்திரை சாப்பிட்டா லேசான கிருமி செத்துரும், கெட்டியானது தப்பிச்சுக்கிடும். மறுபடி வேற கலர்ல பாதி சாப்பிட்டா அதுக்கும் தப்பிக்கிறது மிஞ்சும். தப்பிச்சதுகளோட பிள்ளைகளும் அதே மாதிரிதான் பிறக்கும். கடைசில எல்லா மாத்திரையும் பாத்துச் சிரிக்கிற ஒண்ணு வந்து நிக்கும்.”

“அப்போ நான் அதுகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்திருக்கேன்?”

“நீங்க மட்டும் இல்லம்மா. மெடிக்கல் கடைக்காரர் நடத்திருக்கார், கோழிப் பண்ணைக்காரர் நடத்திருக்கார். கேட்டவங்களுக்கெல்லாம் எழுதிக் குடுத்த எங்க டாக்டருங்களும்தான். இந்தக் கிருமி உங்க டின்னாலதான் இப்படி ஆச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். கூட்டத்துல ஒட்டிருக்கலாம், ஊசி போட்ட எடத்துல ஒட்டிருக்கலாம். ஆனா உங்க டின் அதுக்கு உதவி பண்ணுச்சு.”

அவர் போன பிறகு பஞ்சம்மாள் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அதுவரைக்கும் யார் வந்தாலும் ‘என் கிருமி’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அப்படிச் சொல்லப் பிடிக்கவில்லை. அய்யம்மாளின் பிள்ளை நினைவுக்கு வந்தது. சளி பிடித்தபோதெல்லாம் பாதிப் பாதியாக அவள் கொடுத்தது. அந்தப் பிள்ளைக்கு நாளைக்கு ஒன்று என்றால், எந்த வில்லையைச் சுற்றி வெற்றிடம் தெரியும்? கருத்தப்பாண்டி சாப்பாட்டைப் பிசைந்து நீட்டியபோது வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அழுது அவன் பார்த்தது மகளைக் கட்டிக்கொடுத்த அன்று. அதற்குப் பிறகு அன்றுதான்.

பழைய மருந்து மதுரையில் கிடைக்கவில்லை, சென்னையிலிருந்து பஸ் பார்சலில் வந்தது. அதற்குள் கெண்டைக்காலில் அழுகிய சதையை வெட்டி எடுத்தார்கள். தொடையிலிருந்து தோலைச் சீவி அங்கே ஒட்டினார்கள். மருந்து ஏறிய நாட்களில் பஞ்சம்மாளின் சிறுநீரை அளந்து வைக்கும் பொறுப்பு கருத்தப்பாண்டிக்கு வந்தது. கோடு போட்ட ஜாடியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து அவன் பார்க்கிற பார்வையை, நகைக் கடையில் தங்கம் நிறுக்கிறவர்களிடம்தான் பார்க்க முடியும். அளவு குறைந்தால் அவன் முகம் சுருங்கும், கூடினால் வழியில் போகிற எல்லோரிடமும் சொல்லுவான். அந்த மருந்தில் அவள் உதடு சுற்றிலும் மரத்துப்போனது. பேச்சு வரவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து முதன்முறையாகக் கருத்தப்பாண்டி ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து அவனே முடித்தான். முடித்துவிட்டு அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் முழித்தான்.

காய்ச்சல் இறங்கியது. லேப்பிலிருந்து, “பஞ்சம்மாள் செத்துப் போச்சு மேடம்!” என்று சந்தோஷமாகப் போன் வந்தபோது, அதை அப்படியே போய்க் கருத்தப்பாண்டியிடம் சொல்ல வேண்டாம் என்று நர்ஸுக்குக் கண்டிப்பான உத்தரவு போடப்பட்டது.

பஞ்சம்மாள் வீட்டுக்கு வந்தபோது தெரு இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒரு பாதி, கிருமி ஒட்டிக்கொள்ளும் என்று அவளைக் கண்டதும் கதவைச் சாத்தியது. மறு பாதி, அத்தனை பெரிய கிருமியையே தின்று செரித்தவள் என்று கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் மடியில் கிடத்தப் பார்த்தது. இரண்டு பாதியையும் அவள் திட்டினாள். ஊன்றி நடக்கையில் கால் கொஞ்சம் இழுத்தது. கம்பெனியில் கீழே சம்மணம் போட முடியாது என்று பலகை போட்டுக் கொடுத்தார்கள்.

டின்னை என்ன செய்வது என்பது பெரிய பிரச்சினையாக இருந்தது. சாக்கடையில் கொட்டக் கூடாது, குப்பையில் போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கம்பெனியில் கழிவு வெடிமருந்தை எரிக்கிற குழி ஞாபகத்துக்கு வந்தது. மேனேஜர் மணிகண்டராஜிடம் போய் நின்றாள்.

“சார், கொஞ்சம் மருந்து இருக்கு. குழியில போட்டு எரிச்சிரட்டுமா?”

மேனேஜர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். “வீட்டுல மருந்து வச்சிருக்கியா? எவ்வளவு? யாரு குடுத்தா?”

“சங்கரலிங்கம் அண்ணாச்சி.”

“அந்த ஆளு பட்டாசுத் தொழிலுக்கு எப்ப வந்தாரு?”

டின்னைத் திறந்து காட்டிய பிறகும் அவர் சமாதானம் ஆகவில்லை. வெளி மருந்து கேட்டுக்குள் வரக் கூடாது என்பது சட்டம், அது எந்த மருந்தாக இருந்தாலும். எரிக்கிற குழிக்கு வாங்கிய அனுமதியில் இந்த மருந்தின் பெயர் இல்லை. கடைசியில் கருத்தப்பாண்டி அதைப் பஸ்ஸில் விருதுநகருக்குக் கொண்டுபோய், ஆஸ்பத்திரிக் கழிவோடு சேர்த்து எரிக்கச் சொல்லி நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு வந்தான்.

சங்கரலிங்கம் அண்ணாச்சி கடையில் புதிதாக ஒரு போர்டு தொங்கியது. சிவகாசி ஆப்செட் பிரஸ்ஸில் நாலு கலரில், மேலே பிள்ளையார் படத்தோடு அடித்தது. ‘டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்து தரப்பட மாட்டாது.’ அந்த போர்டுக்குக் கீழே நின்று அண்ணாச்சி முன்போலவே கத்தரித்துக்கொண்டிருந்தார். பஞ்சம்மாள் ஞாயிற்றுக்கிழமைகளில் கடை வாசல் பெஞ்சில் வந்து உட்கார ஆரம்பித்தாள். யாராவது “அண்ணாச்சி, ரெண்டு மட்டும் வெட்டுங்க” என்றால், சேலையைக் கெண்டைக்கால் வரைக்கும் தூக்கிக் காலைப் பெஞ்சு மேல் வைப்பாள். ஒட்டுப்போட்ட தோல் தார் ரோட்டில் பள்ளம் அடைத்ததுபோல இருக்கும்.

“நானும் ரெண்டு ரெண்டாத்தான் வெட்டுனேன்” என்பாள். “பாத்துக்கோ.”

“யாவாரத்தக் கெடுக்காத தாயி” என்று அண்ணாச்சி கெஞ்சுவார், கலர் சோடா வாங்கிக் கொடுப்பார். கலரைக் குடித்துவிட்டு அங்கேயே இருப்பாள். சிலர் பயந்து டாக்டரிடம் போனார்கள். சிலர் சனிக்கிழமையே வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்த வருஷம் ஐப்பசி அடைமழையில், தீபாவளிக்குக் கடைசி லோடு போய்க்கொண்டிருந்த நேரத்தில், பஞ்சம்மாளுக்குக் காய்ச்சல் வந்தது. டாக்டர் சுகிர்தாவுக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். கால் புண் எதுவும் இல்லையே, மழைக் காய்ச்சல்தான், கஞ்சியும் தண்ணீருமாகக் குடித்துவிட்டுப் படுங்கள், மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ உடனே வாருங்கள் என்றார். பஞ்சம்மாள் படுத்தாள். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு மாத்திரையும் போடாமல் சும்மா படுத்தாள். படுப்பது எப்படி என்றே அவளுக்குத் தெரியவில்லை. இந்தப் பக்கம் புரண்டாள், அந்தப் பக்கம் புரண்டாள், கூரையில் பல்லியைப் பார்த்தாள். கம்பெனியிலிருந்து அய்யம்மாள் நனைந்துகொண்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

“மதினி, மேனேஜர் கேக்காரு. எப்ப வருவீக?”

“காய்ச்சல்ட்டப் போய்க் கேளுடி. அது போனதும் நான் வாறேன்.”

அய்யம்மாள் வாசற்படியில் நின்றபடி நனைந்த முந்தானையைப் பிழிந்தாள். “பிள்ளைக்கும் லேசா மூக்கு ஒழுகுது” என்றாள்.

“ஒழுகட்டும். தொடச்சு விடு. கதகதன்னு கஞ்சி குடு. மூச்சு இரைச்சா மட்டும் தூக்கிட்டு டாக்டரம்மாட்ட ஓடு.”

இரண்டாம் நாள் சாயங்காலம் வேர்த்துக் கொட்டியது. காய்ச்சல் வந்ததுபோலவே யாரிடமும் சொல்லாமல் போயிருந்தது. பஞ்சம்மாள் எழுந்து சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். கருத்தப்பாண்டி நெற்றியில் கை வைத்துப் பார்த்தான்.

“என்னங்க, கஞ்சி போதும். வீட்டுல கருவாடு இருக்கா?” என்றாள் அவள்.

அவன் மழையோடு மழையாகக் கடைக்குப் போனான்.